நாக் வருது, நாக்கு தள்ளுது

'நாக் ஏ பிளஸ் பிளஸ்'னு கல்லூரி விளம்பரங்கள்ல கொட்டை எழுத்துல பார்த்திருப்பீங்க. பிள்ளையைச் சேர்க்கப் போற அப்பா அம்மாவும் அதை நம்பித்தான் ஃபீஸ் கட்டுறாங்க. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில எட்டு வருஷம் வாத்தியாரா குப்பை கொட்டினவன்ங்கிற முறையில சொல்றேன். அந்த எழுத்துக்கும் பையன் என்ன கத்துக்கிட்டான்ங்கிறதுக்கும் ரொம்ப தூரம்.

இதுல ரெண்டு அமைப்பு. ரெண்டும் 1994-ல பிறந்தது. நாக், யு.ஜி.சி.யோட பிள்ளை. மொத்தக் கல்லூரியையும் எடை போடும். என்.பி.ஏ., ஏ.ஐ.சி.டி.இ. பெத்தது. ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியா பார்க்கும். ரெண்டுமே கேக்குறது நியாயமான கேள்விதான்: 'மாணவன் கத்துக்கிட்டான்னு எப்படித் தெரியும்?' நாம பதில் சொல்ற விதம்தான் கூத்து.

ஒரு பாடத்துக்கு அஞ்சு 'கோர்ஸ் அவுட்கம்'. பட்டத்துக்குப் பன்னிரண்டு 'புரோகிராம் அவுட்கம்' (எங்க காலத்துல. இப்ப பதினொண்ணு). ஆக 60 கட்டம். ஒவ்வொண்ணுலயும் 1, 2, 3 இல்லேன்னா ஒரு கோடு போடணும். தெர்மோடைனமிக்ஸுக்கும் 'வாழ்நாள் முழுக்கக் கற்ற'லுக்கும் உள்ள உறவு 1-ஆ, 2-ஆ? ஜாதகப் பொருத்தம் பார்க்குறவர்கூட இதைவிட யோசிப்பார். போன வருஷ ஃபைலைப் பார்த்துப் போடுறதுதான் நடைமுறை.

அப்புறம் 'அட்டெய்ன்மென்ட்'. 60 பேர் வகுப்புல 42 பேர் 60 மார்க்கைத் தாண்டினா 70 சதவீதம், லெவல் 3. இந்த எல்லைகளை வகுக்கிறது யாரு? கல்லூரியே. இன்டர்னல் கேள்வித்தாள் எடுக்கிறது? பாடம் நடத்தின வாத்தியார். திருத்துறது? அவரே. கேள்வியைச் சுலபமாக்கினா கற்றல் உயர்ந்துடும் :-) இலக்கு எட்டலைன்னா 'ஏன் எட்டலை, என்ன நடவடிக்கை'ன்னு தனி ஃபைல் போடணும். எட்டிட்டா ஒரே வரி. எந்த மனுசன் உண்மையை எழுதுவான்?

என் வகுப்புல தமிழ் மீடியத்துல இருந்து வந்த பையன் ஒருத்தன் இருந்தான். கணக்கு அருமையா போடுவான். கேள்வியில இருக்கிற இங்கிலீஷ் புரியாம வெத்துத் தாளைக் கொடுப்பான். அவனுக்கு வேண்டியது தினம் அரைமணி பக்கத்துல உக்கார்ற ஒரு வாத்தியார். அந்த அரைமணியை எக்செல் தின்னுடுச்சு. கணக்குப்படி அவன் தாண்டாத 18 பேர்ல ஒருத்தன். மத்த 42 பேர் தாண்டிட்டதால லெவல் 3 வந்தாச்சு, அவனைப் பத்தி யாரும் கேக்கவே வேண்டியதில்லை. கற்றலை அளக்குறோம்னு சொல்ற முறை, கத்துக்க முடியாதவனைத்தான் முதல்ல மறைக்குது.

தொலைநோக்குத் திட்டம்னு ஒண்ணும் கேப்பாங்க. கட்டடம் எழும்பி ரெண்டு வருஷம் கழிச்சு, அதைக் கட்டப்போறதா அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதியில ஒரு திட்டம் தயாராகும். அம்பை விட்டுட்டு அது குத்தின இடத்தைச் சுத்தி வட்டம் போடுற கதை.

'வாஷிங்டன் ஒப்பந்தம் இருக்கே, வெளிநாட்டுல நம்ம பட்டம் செல்லுமே'ன்னு சில பேர் வருவாங்க. இந்தியா 2014-ல அதுல நிரந்தர உறுப்பினர் ஆனது உண்மை. ஆனா என்.பி.ஏ.வோட 'டயர் 1' அங்கீகாரம் வாங்கின படிப்புகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். விளம்பரத்துல இதை யாரும் சொல்றதில்லை.

கிரேடோட யோக்கியதைக்கு வருவோம். 2023-ல நாக் செயற்குழுத் தலைவர் பூஷண் பட்வர்தனே முறைகேடுகளைப் பத்திக் கேள்வி எழுப்பிட்டுப் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில, ஏ பிளஸ் பிளஸ் கொடுக்க லஞ்சம் கைமாறுச்சுங்கிற குற்றச்சாட்டுல ஆய்வுக்குழுத் தலைவரையே சி.பி.ஐ. கைது பண்ணுச்சு. கிரேடுக்குப் பதிலா 'உண்டு, இல்லை'ன்னு ரெண்டே முடிவுங்கிற முறையை 2024-லேயே அறிவிச்சாங்க. பேரை மாத்தினா ஆச்சா? எக்செல் அதேதானே?

நான் கேக்குறது ரொம்பச் சின்னது. ஆய்வுக்கு வர்றவங்க ஃபைல் ரூமுக்குப் போக வேண்டாம். கண்ணை மூடிட்டு 20 விடைத்தாள் உருவுங்க. அதை எழுதின பசங்களைக் கூப்பிட்டு, அதே கணக்கை அவங்களுக்குத் தெரிஞ்ச மொழியில விளக்கச் சொல்லுங்க. ஒரு மதியத்துல தெரிஞ்சிடும்.

வாத்தியாரா இருக்கிற பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, போன வாரம் எத்தனை மணி நேரம் பாடம் எடுத்தீங்க, எத்தனை மணி நேரம் கட்டம் நிரப்பினீங்க?

டிஸ்கி: 'விஷன், மிஷன்' மனப்பாடமா தெரிஞ்சவங்களுக்குப் பின்னூட்டத்துல முன்னுரிமை உண்டு.