வீசியெறியும் வாழ்வு எமக்கு உரியதா?

ஊரை விட்டுப் புறப்பட்ட வேளையில் எம்மிற் பலரது கையில் இருந்தது ஒரேயொரு பை மாத்திரமே. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, இரண்டொரு மாற்றுடை, அவ்வளவுதான். மனிதன் உயிர் வாழ எவ்வளவு சிறிய மூட்டை போதுமானது என்பதை இடப்பெயர்வின் பாதையிலே நடந்தறிந்த இனம் நாம். அத்தகைய எமது வீடுகளின் வாகனக் கொட்டகைகள், இன்று வாகனம் நிறுத்த இடமின்றிப் பெட்டிகளால் நிறைந்து கிடக்கின்றன.

இதனைப் பேராசை என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. பிறர் தந்த பழைய கட்டிலோடும் மேசையோடும் வாழ்வைத் தொடங்கிய குடும்பத்திற்கு, கடையிற் புதிதாக வாங்கிய ஒரு கதிரை இழந்த மதிப்பை மீட்டுத் தருவதாகத் தோன்றுவது இயல்பே. பழைய சப்பாத்துக்காகப் பாடசாலையிற் கேலிக்குள்ளான பிள்ளையின் கண்ணீரைக் கண்ட தாய், கடன்பட்டேனும் புதியதை வாங்கவே செய்வாள். இந்த மனக்காயத்தை நன்கறிந்தே வணிக உலகம் எம் வாசலுக்கு வருகின்றது.

தென் ஒக்லாந்து வீதிகளில் உடுப்பு, கைத்தொலைபேசி, தளபாடம் என ஏற்றிவந்து, கடைவிலையிலும் கூடிய விலைக்குக் கடனாக விற்ற நடமாடும் வண்டிகளைப் பலரும் அறிவர். இவ்வணிகர்களுட் பெரும்பாலானோர் சட்டத்தைச் சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என வர்த்தக ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட அறிக்கையிற் கண்டது. பின்னர் சட்டங்கள் இறுக்கப்பட்டன. உயர்வட்டிக் கடன்களில் வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து முதலை விஞ்சக்கூடாது என்ற விதி 2020 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், "இன்று வாங்கு, பிறகு கட்டு" என்னும் அழைப்பு இப்போது கைத்தொலைபேசிக்குள்ளேயே புகுந்துவிட்டது.

தவணை கட்டி முடியுமுன்னரே பொருள் பழுதாகின்றது. திருத்தக் கேட்கும் கூலியோ புதியதன் விலையை எட்டுகின்றது. ஆதலால் அது குப்பைக்குப் போகின்றது. இந்நாட்டில் அண்மைய ஆண்டுகளில், ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 700 கிலோ கழிவு நிலத்திற் புதைக்கப்பட்டு வந்துள்ளது. வடக்கே ரெட்வேலிலும் தெற்கே ஹாம்டன் டவுன்சிலும் ஒக்லாந்தின் கழிவு புதைகின்றது. புதைத்தது புதைந்தே கிடக்கும் என எண்ணுவதற்கில்லை. 2019 மார்ச் மாதம் தென்தீவின் மேற்குக் கரையிற் பெய்த பெருமழை பழைய குப்பைமேடொன்றை உடைத்தது. அங்கிருந்த பிளாஸ்ரிக் பொக்ஸ் ஆற்றின் வழியே கடற்கரை நெடுகிலும் பரந்தது.

எமது தாயகத்தீவின் அனுபவம் இதனிலும் கொடியது. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு மாநகரத்தின் கழிவு, அதனருகே குடியிருந்த ஏழைகளின் கூரைகள் மீது வீழ்ந்தது. 2017 முதல் பிரித்தானியாவிலிருந்து கொள்கலன்களிற் கழிவு வந்திறங்கியது. அவற்றுள் 263 கொள்கலன்கள் 2022 பெப்ரவரி அளவில் திருப்பியனுப்பி முடிக்கப்பட்டன. 2021 இல் கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் சிந்தி, கரையிலும் ஒதுங்கி மீனவரின் தொழிலைக் கெடுத்தன. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்திற்குக் கிணறே உயிர்; அங்கே சுன்னாகத்தின் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்தாலும், சுண்ணக்கற் பாறையினூடு பரவிய எண்ணெயை வடித்தெடுத்தல் எளிதன்று.

மலிவு என்பது விலையின்மை அன்று. கடையில் நாம் கொடாத மிகுதியை வேறெங்கோ ஒரு தொழிலாளியோ, ஓர் ஆறோ, பிறக்கவிருக்கும் ஒரு பிள்ளையோ கொடுக்க நேர்கின்றது. ஆண்டுதோறும் முன்னையதிலும் அதிகமாக விற்றாலன்றி நிலைக்க முடியாத பொருளாதாரத்திற்கு, இருபது வருடம் உழைக்கும் பொருள் பகையாகவே தோன்றும்.

இதற்கு நாம் செய்யக்கூடியது என்ன? சட்டம் தந்துள்ள உரிமையை முதலில் அறிந்துகொள்வோம். 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும். கடைக்காரர் எழுதிக்கொடுத்த உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது என்பதாலேயே அவ்வுரிமை அற்றுப்போவதில்லை. பழுதானதைக் குப்பையில் இடுமுன் பற்றுச்சீட்டுடன் கடைக்குச் சென்று கேட்போம். 2023 முதல் ஒக்லாந்து மாநகர சபை வழங்கிய உணவுக்கழிவுத் தொட்டியையும் பயன்படுத்துவோம். அதிற் சேர்வது ரெப்பொரோவா ஆலையில் எரிவாயுவாகவும் பசளையாகவும் மாறுகின்றது.

அடுத்து எமது விழாக்களைப் பார்ப்போம். பூப்புனித நீராட்டு விழாவுக்கென ஆயிரக்கணக்கான டொலர் கடன்பட்டு, அதனை இரவு வேலை செய்து அடைக்கும் பெற்றோர் எம்மிடையே உள்ளனர். ஒருமாலைப் பொழுதின் அலங்காரமும் நூற்றுக்கணக்கான பிளாஸ்ரிக் தட்டுகளும் மறுநாட் காலை குப்பையாகின்றன. ஊரிலே கிடாரமும் அண்டாவும் பாயும் அயலிலிருந்தும் கோவிலிலிருந்தும் இரவலாக வந்தன. உண்ட வாழையிலையை மாடு தின்றது. எவருக்கும் அது மதிப்புக்குறைவாகத் தோன்றவில்லை. எமது சங்கங்களும் ஆலயங்களும் ஒன்றுசேர்ந்து இருநூறு எவர்சில்வர்த் தட்டுகளையும் குவளைகளையும் பொதுச்சொத்தாக வாங்கி, விழாக்காண்போருக்கு இரவல் கொடுத்தால் என்ன? கழுவுவதற்கு இளைஞர்கள் கை கொடுக்கமாட்டார்களா?

இவற்றால் மாத்திரம் உலகப் பெருநிறுவனங்கள் திருந்திவிடா. தாம் செய்த பொருளைத் தாமே மீளப்பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்குச் சட்டத்தால் விதிக்கப்படல் வேண்டும். அதனை எமது பாராளுமன்ற உறுப்பினரிடம் நாம் வற்புறுத்தவும் வேண்டும். ஆனால் அயலவருக்காக வாங்கிக் குவிக்கும் போட்டியை நிறுத்த எந்தச் சட்டமும் தேவையில்லை. அடுத்த அழைப்பிதழை அச்சிடவிருக்கும் ஒரு குடும்பம் முதலில் துணியட்டும். அதே கடன்சுமையில் வருந்தும் ஏனையோர் நன்றியுடன் பின்தொடர்வர்.