மருந்து வண்டியும் மனிதக் கையும்

தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் தலைப்பொன்று உண்டு: ‘இயந்திர மனிதன் வரமா, சாபமா?’ மாணவர் முற்பாதியில் வரம் என்பர். பிற்பாதியில் சாபம் என்பர். ‘அளவோடு பயன்படுத்தின் நன்மையே’ என முடித்துப் பரிசும் பெறுவர். இரு தட்டிலும் வெற்றுச் சொல்லையே இட்டுச் சமன்செய்யும் இத்தராசினால் யாருக்கு என்ன பயன்?

மருத்துவமனைக்குள் மருந்து கொண்டு செல்லும் தானியங்கி வண்டியையே எடுத்துக்கொள்வோம். இது நேற்று முளைத்த புதுமையன்று. தொழிற்சாலை ரோபோவின் தந்தை எனப் போற்றப்படும் ஜோசப் எங்கெல்பெர்கர் உருவாக்கிய ‘ஹெல்ப்மேட்’ என்னும் வண்டி, 1988-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டான்பரி மருத்துவமனையில் ஓடத் தொடங்கிற்று. 2015-இல் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பே மருத்துவமனை திறக்கப்பட்டபோது, ‘டக்’ எனப்படும் வண்டிகள் 25 அங்கே பணியில் இருந்தன. அவ்வளவு தொலைவு போவானேன்? மாசாய்க்குத் தெற்கே நீரிணையைக் கடந்தால் சிங்கப்பூர். அங்குள்ள சாங்கி பொது மருத்துவமனை அதே 2015-இல் பானசோனிக் நிறுவனத்தின் ‘ஹோஸ்பி’யைப் பணிக்கு வைத்தது. கட்டடத்தின் வரைபடத்தை நினைவில் கொண்டு, எதிரே வருவோரை உணர்கருவிகளால் அறிந்து விலகி, மின்தூக்கியைத் தானே அழைத்து, பூட்டிய பெட்டியில் மருந்தைச் சுமந்து செல்லும் வண்டிகள் இவை. உரியவர் தம்மை அடையாளம் காட்டினாலன்றிப் பெட்டி திறவாது.

இதனைக் கேட்டவுடன், ‘இயந்திரத்திற்கு இரக்கம் உண்டோ?’ என்று உருகுவோர் நம்மிடையே பலர். இரக்கம் என்பது நடைகூடத்தில் வண்டி தள்ளுவதிலா இருக்கிறது? மருந்தகத்திற்கும் வார்டுக்கும் இடையே கால் கடுக்க நடக்கும் தாதியின் களைப்பைக் கருணை எனப் பெயரிட்டுப் போற்றுவது, அவரை மதிப்பதாகாது. வள்ளுவர் மருந்ததிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணைசெய்வோனையும் நான்காவதாக வைத்தார். அருகிருத்தலே அவன் தொழில். நடைகூடத்தில் நடப்பவன் எவ்வாறு அருகிருக்க இயலும்?

மாசாய் மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவினால் பாசிர் கூடாங் வட்டாரமே மூச்சுத் திணறியது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. குமட்டலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகள் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அத்தகைய நாளொன்றில், பயிற்சி பெற்ற தாதி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சிறப்பா? அஞ்சி அழும் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு நிற்பது சிறப்பா? பெட்டியை இயந்திரம் சுமக்கட்டும். அதில் தமிழன் இழப்பது ஒன்றுமில்லை.

இழப்பு வேறிடத்தில் நிகழும். வண்டியை வரவேற்கும் நிர்வாகத்தார், ‘தாதியருக்கு நேரம் மிச்சமாகும்’ என்கின்றனர். மிச்சமாகும் நேரம் யார் கணக்கில் வரவு வைக்கப்படும்? நோயாளியின் கணக்கிலா, சம்பளப் பட்டியலைக் குறைப்பவர் கணக்கிலா? ஒரு தாதிக்கு ஒரு மணி நேரம் மிச்சமெனில், எட்டுத் தாதியருக்கு ஒரு தாதியின் முழுநாள் வேலை மிச்சம். ஆகவே ஒருவரை நீக்கலாம் எனக் கூட்டல் தெரிந்த எவரும் சொல்லிவிடுவர். இவ்வச்சம் கற்பனையன்று. மலேசிய அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, சலவை உள்ளிட்ட துணைப் பணிகள் 1996-இல் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அன்றுமுதல் அப்பணிகளில் ஒருவரின் வேலை நிலைப்பது ஒப்பந்தத் தாளைப் பொறுத்ததாயிற்று.

தோட்டத்துப் பாட்டி ஒருத்தியை எண்ணிப் பார்க்கவேண்டும். ரப்பர்க் காட்டில் பால்மரம் சீவி ஓய்ந்தவள். மலாய் ஓரளவே அறிவாள். தோட்ட மருத்துவமனையில் டிரசரிடம் தமிழிலேயே நோவைச் சொல்லிப் பழகியவள். பெரிய மருத்துவமனையின் வார்டில், ‘இந்த வெள்ளை மாத்திரை சோத்துக்கு முன்னயா, பின்னயா?’ என்று அவள் கேட்கத் துணிவது, வண்டி தள்ளிவரும் தமிழ்ப் பணியாளரிடந்தான். அவரோ மருந்தாளரல்லர், ஆயினும் தாதியிடம் கேட்டு வந்து சொல்வார். இப்பணி அவருடைய வேலை விவரத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதப்படாததை எந்த இயந்திரத்திற்கும் கற்பிக்க இயலாது. அவர் போனால் அதுவும் ஓசையின்றிப் போய்விடும்.

இயந்திரம் பிழையே செய்யாது என்பாரும் உளர். 2022-இல் சைனேரியோ என்னும் பாதுகாப்பு நிறுவனம், மேற்சொன்ன ‘டக்’ வண்டிகளை அயலார் தொலைவிலிருந்தே கைப்பற்ற இடந்தரும் ஐந்து ஓட்டைகளைக் கண்டு வெளியிட்டது. தயாரிப்பாளர் அவற்றை அடைத்துவிட்டனர் என்பதும் உண்மை. ஆயினும் வண்டி நின்ற இரவில் மருந்தைக் கையிலெடுத்து நடக்க ஆள் வேண்டுமே! எல்லாரையும் நீக்கிவிட்டபின் யார் நடப்பது?

எனவே நம் மாணவர் எழுத வேண்டியது வரமும் சாபமும் பற்றியன்று. வண்டி வாங்கப்படும் நாளில், மிச்சமாகும் மணிகள் எத்தனை, அவற்றுள் படுக்கையருகே செலவிடப்படுபவை எத்தனை என்னும் கணக்கை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்கட்டும். வண்டி தள்ளியவர் வேலையிழக்காமல், நோயாளிக்குத் துணையிருக்கவும் மொழி சொல்லவும் பயிற்சி பெறட்டும். அந்தக் கணக்கு, உறவினர் வந்து நிற்கும் வார்டின் வாயிலில், மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் மாதந்தோறும் ஒட்டப்படட்டும்.