தீட்டத் தீட்டத் தேயும் வாணாள்

நோயின்றி நெடிது வாழ விரும்பாதார் எவருமிலர். வைகறைத் துயிலெழுதல், நாள்தோறும் நடத்தல், புகையும் குடியும் விலக்கல், உப்பைக் குறைத்தல், இரவிற் கண்ணாரத் துயிலுதல் என்பன எல்லாரும் அறிந்த செய்திகளே; அறிந்தும் செய்யாமையே அவற்றில் உள்ள குறை. ஆனால், நாளுக்கு இருமுறையும் மும்முறையும் தமிழர் இல்லந்தோறும் நிகழ்கின்ற ஒன்றைப் பற்றிக் கற்றறிந்தவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அஃது உலையில் இடப்பெறும் அரிசி.

அரிசி வாங்கச் செல்வார் இன்று முதலிற் பார்ப்பது அதன் நிறத்தையே. முல்லை மொட்டுப்போல் வெளுத்திருந்தால் அது நல்லரிசி. சற்றே பழுப்பேறியிருந்தால் மட்டமான அரிசி. திருமண வீட்டில் பழுப்புச் சோறு படைத்தவர், உறவினர் வாய்க்குத் தப்புவது அரிது. இவ் வெண்மை எங்கிருந்து வருகின்றது? நெல்லின் உமி நீங்கினால் உள்ளே இருப்பது தவிட்டுத் தோல் போர்த்த பழுப்பரிசி. அத் தோலிலும் முளையிலுமே நார்ப்பொருளும், தயமின் முதலாய உயிரூட்டங்களும் பெரும்பகுதி அடங்கியுள்ளன. அவற்றைத் தேய்த்துத் தள்ளிவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் மாப்பொருளே. தள்ளிய தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் போகின்றது. வீட்டுத் தலைவனினும் அவன் தொழுவத்து மாடு நன்றாக உண்கின்றது என்றால் அது மிகையாகாது.

வணிகர்க்கோ இவ் வெண்மையால் ஊதியம் உண்டு. தவிட்டில் எண்ணெய்ப்பசை இருத்தலின், தவிடு நீங்காத அரிசி சில திங்களிலேயே காறல் வாடை வீசும். வண்டும் எளிதில் விழும். தீட்டிய அரிசி ஆண்டுக்கணக்கிற் கிடங்கிற் கிடக்கும். அரிசியின் வாணாள் நீள்கின்றது. அதனை உண்பானின் வாணாள் குறுகுகின்றது.

இவ் வுண்மை நேற்றுக் கண்டதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பரவப் பரவக் கீழை நாடுகளிற் பெரிபெரி என்னும் கொடுநோயும் பரவிற்று. கால் மரத்தும் வீங்கியும் நடை தளர்ந்து, முடிவில் நெஞ்சாங்குலை ஓய்ந்து மாந்தர் மாண்டனர். சாவகத் தீவிற் பணியாற்றிய ஆலந்து நாட்டு மருத்துவர் ஐக்மன், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் ஆய்வுக் கோழிகள் அந் நோயை ஒத்த நோயால் தள்ளாடக் கண்டார். படைஞர் மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளைச் சோறே அவற்றிற்கு இரையாக இருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைஞர்க்கான சோற்றைக் கோழிக்குத் தர இயலாது என மறுத்துவிட்டார். தீட்டா அரிசிக்கு மாறிய கோழிகள் தேறின! 1929-இல் ஐக்மனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அச் சமையற்காரரின் பெயரை எவர் நினைவு கூர்கின்றனர்?

மலாயாவில் நிகழ்ந்ததோ தமிழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி. அங்கு உழைக்கச் சென்ற சீனத் தொழிலாளர் பெரிபெரியாற் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அதே நாட்டிற் கூலிகளாகக் கொண்டு செல்லப்பெற்ற தமிழரை அந் நோய் அரிதாகவே தீண்டிற்று. தமிழர் செல்வராய் வாழ்ந்தாரல்லர். அவர்தம் குடிசையும் கூலியும் எவ்வகையிலும் மேலானவையல்ல. வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் என்னும் மருத்துவர் இதனைச் சுட்டிக்காட்டினார். 1905-இற் பிளெட்சர் என்பார் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு வெள்ளைப் பச்சரிசியும் மறு கூற்றார்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டாருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்டாருள் ஒருவரும் மாளவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலுள்ள தயமின் நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகின்றது. பின்னர்த் தீட்டினும் ஒரு பகுதி தங்கிவிடுகின்றது. நெல் அவித்த தமிழ்ப் பெண்டிர் இதனை நூலிற் படித்தாரல்லர். ஆயினும் அவர்தம் கை கடல் கடந்தும் காத்தது.

"அப்படியாயின் புழுங்கலரிசிதானே உண்கின்றோம், அது போதாதா?" எனின், போதாது. உயிரூட்டம் உள்ளே இறங்கும்; நார் இறங்காது. இன்றோ புழுங்கலும் பச்சரிசியோடு போட்டியிட்டு வெளுக்கத் தீட்டப்பெறுகின்றது. இன்றைய பகையும் பெரிபெரியன்று, நீரிழிவு. நார் நீங்கிய சோறு விரைந்து செரித்துக் குருதியிற் சருக்கரையை ஏற்றுகின்றது. 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் அகவை வந்தோருள் 11.4 விழுக்காட்டினர், ஏறத்தாழப் பத்துக் கோடிப்பேர், நீரிழிவு உடையர் என்றது. 21 நாடுகளில் 1,30,000-க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளைச் சோறு மிகுதியாக உண்பார்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுதி என்றும், அத் தொடர்பு தெற்காசியாவிலேயே மிக வலிது என்றும் காட்டிற்று. சோறு மட்டுமே கரணியம் என்று எவரும் சொல்லவில்லை. ஏர் பிடித்த பாட்டன் உண்ட அளவையே எழுதுகோல் பிடிக்கும் பெயரனும் உண்கின்றான். அதனையும் நாற்காலியில் இருந்தவாறே உண்கின்றான்.

உரலையும் உலக்கையையும் மீட்டுக் கொணர்ந்து பெண்கள் தலையிற் சுமத்துவதன்று இதற்கு மருந்து. கைக்குத்தலின் பெருமை பேசுவாருள் உலக்கை பிடித்த ஆடவர் எத்தனை பேர்? உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் பொறிகள் உள்ளன. வேண்டுவது வாங்குவார் கண்ணிற் படிந்துள்ள வெண்மை மயக்கம் நீங்குதலே. வேடிக்கை என்னவெனில், ஆலையில் ஊட்டத்தைத் தேய்த்துத் தள்ளிய அரிசியில் இரும்பு முதலானவற்றைச் செயற்கையாகச் சேர்த்துப் பங்கீட்டுக் கடைகளில் வழங்கும் திட்டத்தை 2021-இல் நடுவணரசு அறிவித்தது!

பழுப்பரிசி வேகப் பொழுது மிகும். முன்னரே ஊறவைத்தால் அக் குறை பெரிதும் தீரும். ஒரே நாளில் மாற இயலாதார் பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம். பலமுறை அலசிக் கழுநீரோடு ஊட்டத்தைக் கொட்டுவதையும், கஞ்சியை வடித்துச் சாய்க்கடையில் விடுவதையும் நிறுத்தலாம். பழுப்புச் சோறாயினும் அதனைக் குறைத்து அவ்விடத்தைப் பருப்பும் கீரையும் காயும் நிரப்புதல் நன்று. வரகும் சாமையும் தினையும் வாங்குவார் ஒன்றை நோக்க வேண்டும்: அவையும் இப்போது வெளுக்கத் தீட்டப்பெற்றே பைகளில் வருகின்றன.

பழுப்பரிசியின் விலை இன்று வெள்ளையரிசியினும் கூடுதலாக இருத்தல் உண்மையே. வாங்குவார் சிலராதலின் அது செல்வர் உணவாய்விட்டது. ஒரு தெருவிற் பத்து வீட்டார் ஒருங்கு கூடி நெல்லாக வாங்கி, அருகிலுள்ள ஆலைக்காரரிடம் "உமி மட்டும் போதும், தீட்ட வேண்டா" என்று சொல்லி அரைத்துக் கொள்ளலாம். ஒரு திங்களுக்கு வேண்டிய அளவே அரைத்தால் காறலும் வாராது, வண்டும் அணுகாது.