கடைசி வண்டி போன பிறகு...

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆசாமிகளுக்குக் கலை ரசனை கம்மி என்று மயிலாப்பூர் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம் சார்! ரசனையெல்லாம் இருக்கிறது. கடைசி வண்டிதான் இடிக்கிறது. பரதநாட்டியத்துக்கு மயிலாப்பூர் சபா, ஓவியத்துக்கு கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, நாடகத்துக்கு தி.நகரில் ஏதாவது ஒரு ஹால். எங்கே போனாலும் தில்லானா ஆரம்பிக்கிற நேரத்தில் நம்ம ஆள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு செருப்பைத் தேடுவான்.

இந்த மூன்றையும் ஒரே ராத்திரியில், டிக்கெட் இல்லாமல், நம் பக்கத்திலேயே காட்டுகிற சமாச்சாரம் தெருக்கூத்து. ஆவடி தாண்டித் திருவள்ளூர் பக்கமும், பூந்தமல்லி தாண்டிக் காஞ்சிபுரம் பக்கமும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் நடக்கும். ராத்திரி பத்துக்கு மேல் ஆரம்பித்து விடியும்போது முடியும். அதாவது கடைசி வண்டி போன பிறகு தொடக்கம், முதல் வண்டிக்கு மங்களம். இதைவிட வசதி வேண்டுமா?

நாட்டியமா? இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து பாடிக்கொண்டே துரியோதனன் வருவான். திரை விலகியதும் பாரமான கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றோடும் சுழன்று சுழன்று ஆடுவான். கழுத்துவலிக்கு லீவு போடுகிற நாம் அதைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டைகள் மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியவை.

சிற்பமோ, படுகளத்தில்! பாரதம் முடிகிற நாளில் பிரமாண்டமான துரியோதனனை மண்ணால் தரையில் படுக்க வைப்பார்கள். பீமன் வந்து தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிந்ததும் ஜனங்கள் அந்த மண்ணை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். இவ்வளவு பெரிய சிற்பத்துக்கு ஆயுசு ஒரு நாள். எந்த மியூசியம் வாங்கும்?

இதன் அருமை தெரிந்தவர் ந. முத்துசாமி. பூந்தமல்லி ரோட்டிலேயே போய், காஞ்சிபுரம் தாண்டி, செய்யாறு பக்கத்தில் புரிசை என்று ஒரு கிராமம். அந்த ஊர்க் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் சொக்கிப்போனவர், 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கினார். (2012-ல் பத்மஸ்ரீ; 2018-ல் மறைந்தார்.) பட்டறை பல வருஷம் இருந்தது நம் ரூட்டிலேயே, விருகம்பாக்கத்தில். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே பழகியவர்கள். கணக்கு எழுதப் போன ஒருவர் நடிப்பை வேடிக்கை பார்த்துப் பார்த்து நடிகராகிவிட்டார். பெயர் விஜய் சேதுபதி. அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பர்கள் கவனிக்க!

புரிசைக்காரர்கள் மார்க்வெஸ் கதையையே கூத்தாக்கி ஆடியவர்கள். மேடைக்கு ஏற்ற மாதிரி இரண்டு மணி நேரத்திலும் ஆடுவார்கள். ஆனால் எனக்கென்னவோ அது முழுச் சாப்பாட்டுக்குப் பதில் சாம்பார் சாதப் பொட்டலம் மாதிரிதான். துகிலுரிதலில் துச்சாதனன் புடவையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பான். வேஷத்தை மறந்து, கற்பூரம் காட்டி, 'தாயே மன்னிச்சுக்கோ' என்கிற பாவனையில் கும்பிடுவான். ராத்திரி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டிருந்த பாட்டியம்மாவும் அப்போது கும்பிடுவாள். அந்த நிமிஷத்துக்கு விலை ஒரு முழு ராத்திரி. அரைமணியில் அது வராது.

அந்த ராத்திரிக்குத்தான் இப்போது ஆபத்து. வயல் இருந்த இடமெல்லாம் அபார்ட்மென்ட். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் வருஷ விதி சொல்கிறது. விழா நாட்களில் நடுராத்திரி வரை சலுகை தரலாம். அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாள்தான். நியாயமான விதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தூங்க வேண்டாமா? ஆனால் மைக் என்பது நேற்று வந்தது. அதற்கு முன்னால் கூத்தாடிகள் சொந்தத் தொண்டையில்தான் கடைசி வரிசைவரை கேட்க வைத்தார்கள். ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி ஆடவிடுவது ஒரு வழி. பால்கனியிலிருந்தே போலீஸுக்குப் போன் போடுவது இன்னொரு வழி. இரண்டாவது சுலபம், செல்போன் கையிலேயே இருக்கிறது.

கோடை பிறந்ததும் சுவர்களைப் பாருங்கள். 'அக்னி வசந்த விழா' என்று போஸ்டர் இருந்தால் சனிக்கிழமை ராத்திரியாகப் பார்த்துக் கிளம்புங்கள். போர்வை ஒன்று அவசியம். முன் வரிசையில் உட்கார்ந்து மட்டும் தூங்காதீர்கள். கட்டியங்காரன் கண்ணில் பட்டால் உங்கள் குறட்டையும் மகாபாரதத்தில் சேர்ந்துவிடும்.