அரிப்பு முத்துத்துறையும் 'வாழும் நூதனசாலை'யும்: ஒரு மறுப்பு

பழைமையைப் பேணுதல் என்பது இன்று எல்லோர் நாவிலும் பயிலும் சொற்றொடர். ஆயின், பேணப்படுவது எது, பேணுவோர் யார், யாருக்காகப் பேணப்படுகின்றது என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாக்கள் எழாத இடத்திற் பழைமை பேணல் என்பது பழைய அநீதியின் மேற் புதிய வெள்ளை பூசும் வேலையாகவே முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு எமது சங்கம் நடத்திய விவாத அரங்கொன்றில் நண்பர் ஒருவர், மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலக் கரையிலுள்ள அரிப்பை 'வாழும் நூதனசாலை'யாக மாற்ற வேண்டும் என வாதிட்டார். அவர் காட்டிய முன்மாதிரி இங்கிலாந்தின் மோர்வெல்லம். தேமர் ஆற்றங்கரையிலுள்ள அவ்வூர் ஒரு காலத்திற் செப்புத் தாதுவைக் கப்பலேற்றிய ஆற்றுத் துறைமுகம். 1844 இல் அயலிலே பெருஞ் செப்புச் சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டதும் அத்துறை செழித்தது. இருப்புப்பாதை வந்ததும் நலிந்தது. 1970 இல் அது திறந்தவெளி நூதனசாலையாயிற்று. 2006 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சுரங்க நிலப்பரப்பின் ஒரு பகுதியுமாயிற்று. பழைய உடையணிந்தோர் பழைய தொழில்களைச் செய்துகாட்ட, வருவோர் பார்த்து மகிழ்வர்.

அங்கே செம்பு, இங்கே முத்து. அங்கே தேமர், இங்கே அருவியாறு. அங்கே சுரங்கம், இங்கே கடலடிப் பார்கள். ஆகவே அரிப்பிலும் அவ்வாறே செய்யலாம் என்பது நண்பரின் வாதம். கோவணமுடுத்த மீனவர் கல்லைக் காலிற் கட்டிக் குதிப்பர். கரையிலே சிப்பி ஏலம் நடித்துக் காட்டப்படும். உல்லாசப் பயணிகள் வருவர். ஊருக்குப் பணம் வரும். அவையினர் கைதட்டினர். தட்டியவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கரையைச் சேர்ந்தவன் என்ற பெருமை ஒரு கணம் என் அறிவை மறைத்துவிட்டது. விடுதிக்குத் திரும்பிய பின்னரே பெரியப்பாவின் நினைவு வந்தது. சங்கு குளித்துச் செவிப்பறை கிழிந்தவர் அவர். வலப்புறமிருந்து அழைத்தால் இன்றும் திரும்பிப் பாரார். அவரை மேடையேற்றி எதை நடிக்கச் சொல்வது?

முதலில் வரலாற்றை நோக்குவோம். அநுராதபுரத்தைத் தழுவி வரும் அருவியாறு அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. சிங்களத்தில் அதனை மல்வத்து ஓயா என்பர். வடக்கே மாதோட்டம் என்னும் மாந்தைத் துறைமுகம். உள்நாட்டிலே அநுராதபுர அரசு. இரண்டுக்கும் இடையே ஆறும் ஆற்றோரப் பாதையும். கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1679 இல் இவ்வாற்றைப் பின்பற்றியே தப்பிவந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். தெற்கேயுள்ள சிலாவத்துறையின் பெயரே இக்கரையின் தொழிலைச் சொல்லும். சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாபம் நடந்த துறை சிலாபத்துறை. பெரியபார், செவல்பார், மோதரகம்பார் எனக் கடலடியின் ஒவ்வொரு மேட்டுக்கும் எம்மவர் பெயரிட்டிருந்தனர். கண்ணாற் காணாத நிலத்துக்குக் காலாலும் கையாலும் தடவிப் பெயரிட்டவர் அவர்.

போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795 இற் பிரித்தானியர் வந்தனர். கொடிகள் மாறின; கல்லைக் கட்டிக் குதித்தவன் மாறவில்லை. பிரித்தானியரின் முதற் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கு அரிப்புக் கடலோரத்தில் கிரேக்கப் பாணியில் ஒரு மாளிகை கட்டுவித்தார். 'டொரிக்' என வழங்கும் அம்மாளிகையின் சிதைந்த சுவர்களே இன்று அரிப்பின் அடையாளமாகச் சஞ்சிகைகளில் வருகின்றன. நண்பரின் நூதனசாலைக்கும் அதுவே மையம். ஈண்டு ஒரு வினா: முத்தெடுத்தவன் வாழ்ந்தது அம்மாளிகையிலா? கரையில் ஓலையும் கம்பும் கொண்டு எழுந்து, சிலாபம் முடிந்ததும் காற்றோடு போன கொட்டில்களில் அல்லவா அவன் வாழ்ந்தான்? கல்லாற் கட்டியவனின் வீடு எஞ்சியது; ஓலையாற் கட்டியவனின் வீடு எஞ்சவில்லை. எஞ்சியதையே வரலாறு என்று கொள்வோமாயின், ஆண்டவனின் வரலாறே என்றும் வரலாறாகும்.

முத்துக்குளிப்பு எவ்வாறு நடைபெற்றது? மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை, கடல் அமைதியாயிருக்கும் காலத்தில், கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி முதலாய இடங்களிலிருந்து தமிழக முஸ்லிம்களும் பரதவரும் வந்தனர்; பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து அராபியரும் வந்தனர். ஐந்து முதல் ஒன்பது பாகம் வரை ஆழம். கல்லின் பாரத்தால் அடிக்குச் சென்று, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் வலைக்கூடையை நிரப்பிக் கயிற்றை அசைத்தால், தோணியில் நிற்பவன் மேலே இழுப்பான். ஒரு நாளில் இவ்வாறு பல தடவை. சுறாவின் வாயைக் கட்டுபவர்களாக நம்பப்பட்ட 'கடல்கட்டி'களுக்குப் பிரித்தானிய அரசே நெடுங்காலம் கூலி கொடுத்தது. கூலி கொடுத்தது அரசு அதை நம்பியதால் அன்று. அவர்கள் கரையில் இல்லையேற் குளிகாரர் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதனாலேயே. கொண்டுவந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்பினுள் எண்ணப்பட்டன. பிற்காலத்து முறைப்படி மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு மட்டுமே குளித்தவனுக்கும் தோணியில் நின்றவனுக்கும். கடலடிக்கு இறங்காத கைக்கே பெரும்பங்கு சென்றது. சிப்பிகள் வெயிலில் அழுகவிடப்பட்டுப் பின் கழுவப்பட்டன. அந்த நாற்றத்தையும் இலையான் படையையும் வாந்திபேதி அச்சத்தையும் அக்காலக் குறிப்புகள் பேசுகின்றன. 1906 இல் மறிச்சுக்கட்டியில் நடந்த சிலாபத்திற் பணிபுரிந்த இளம் அரசாங்க அலுவலர் லெனாட் வூல்வ், தமது தன்வரலாற்றில் அக்காட்சியை எழுதியுள்ளார்.

இவற்றுள் எதை நூதனசாலை காட்டும்? நாற்றத்தை விற்க முடியாது. நோயை நடிக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு எடுத்துச் செல்லப்பட்டதைக் காட்டினாற் பார்ப்போர் முகம் சுளிப்பர். எஞ்சுவது நீல வானமும் நீரிற் பாயும் கரிய உடலும் கையில் மின்னும் முத்துமே. இத்தகைய காட்சி புதியதன்று. 1863 இற் பரிஸ் நகரில் பிசே என்னும் இசைவாணர் இலங்கை முத்துக்குளிப்போரை வைத்து ஓர் இசைநாடகம் அரங்கேற்றினார். இலங்கையை அவர் கண்டதேயில்லை. அம்மேடையில் முத்துக்குளிப்போர் பாடினர், காதலித்தனர், மூச்சடக்கியவர் எவருமிலர். அந்த நாடகத்தை மன்னார்க் கரைக்கு இறக்குமதி செய்வதுதான் மரபு பேணலோ?

இனி, அத்தொழில் மறைந்த வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். 1905 இல் எட்டுக் கோடி அளவிற் சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டிலே இம்முத்துப்பார்கள் தனியார் நிறுவனமொன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 க்குப் பின் பார்கள் வறண்டன. குத்தகை முடியுமுன்னரே அந்நிறுவனம் முறிந்தது. இயற்கையின் மாறுபாடும் இதற்குக் காரணமாயிருக்கலாம். ஆயினும் அள்ளியவர் நிறுத்தத் தெரியாதவர் என்பதை மறுக்கவியலாது. பின்னர் யப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தையைப் பிடித்தன. சுரங்கம் வற்றியதும் முதலாளி போனான். தொழிலாளி கரையிலேயே நின்றான்.

மோர்வெல்லத்துக்கும் அரிப்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்குதான் உள்ளது. மோர்வெல்லத்தில் துறைமுகத் தொழில் இறந்துவிட்டது. எஞ்சிய வெற்றுக் கூட்டினுள் நூதனசாலை குடிபுகுந்தது. அரிப்போ இறக்கவில்லை. அங்கே இன்றும் மீன்பிடிக்கின்றனர், வலை பொத்துகின்றனர், கடலட்டைக்கும் சங்குக்கும் அக்கரையோர் இன்றும் மூழ்குகின்றனர். உயிரோடிருப்பவனை நோக்கி 'நீ உன் பாட்டனைப் போல நடி, நாங்கள் பார்க்கிறோம்' என்பது மரியாதையன்று. அவனுடைய இன்றைய வாழ்வு எமக்கு வேண்டியதன்று என்பதே அதன் பொருள்.

அந்த இன்றைய வாழ்வு எத்தகையது? 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இக்கரையின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. அவ்வநீதியைத் தமிழராகிய நாமே முதலிற் சொல்லுதல் வேண்டும். 2007 இல் முள்ளிக்குளத்து மக்கள் இராணுவ நடவடிக்கையால் வெளியேற, அவ்வூர் கடற்படை முகாமாயிற்று. 2017 இல் அம்மக்கள் போராடிய பின்னரே ஒரு பகுதி நிலம் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சிலாவத்துறையிலும் கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட காணிகளைக் கேட்டு மக்கள் வீதிக்கு வந்தனர். கடலிலோ இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுக்கின்றன. அடிமடி இழுவையைத் தடைசெய்யும் சட்டம் 2017 இல் வந்தும் அத்துயர் தீரவில்லை. மன்னார்த் தீவிலே மணலில் உள்ள இல்மனைற்றுக் கனியத்தைத் தேடி அகழ்வாளர் வந்தனர். அதற்கெதிராக 2025 இல் மக்கள் நாட்கணக்கிற் போராடினர். பழைய சுரங்கத்துக்கு நூதனசாலை, புதிய சுரங்கத்துக்கு அனுமதிப்பத்திரம் என்றால், நூறாண்டின் பின் இம்மணலுக்கும் ஒரு நூதனசாலை கட்டலாம். நடிப்பதற்கு அப்போது எவரேனும் எஞ்சியிருப்பரோ என்பதே ஐயம்.

நண்பரின் வாதத்தில் நியாயம் அறவே இல்லை என்று கூறேன். டொரிக் மாளிகையைக் கடல் அரித்துத் தின்கின்றது. எவரும் கவனியாவிட்டால் அது வீழும். மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வு நாட்டு நிலைமையால் இடைநின்றது. அதன் முழு அறிக்கை 2013 இலேயே நூலாயிற்று. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுட் பலர் பெரியபாரின் பெயரைக் கேட்டதேயில்லை. பணமின்றி எதையும் பேண முடியாது என்பதும் உண்மை. ஆனால், பணத்தின் பொருட்டு எதைப் பேணுகிறோம் என்பதை மறந்தால், பேணப்படுவது பணம் மட்டுமே.

ஆகவே மறுப்பதோடு நில்லாது, செய்யத்தக்கது எது என்பதையும் கூறுதல் கடன். முதலாவது, பறிபோன கரையும் காணியும் உரியவரிடம் மீள்வது. அதற்கு முன் எழும் நூதனசாலை எதுவும் மற்றுமொரு முகாமே. இரண்டாவது, முதியோர் உள்ளபோதே பார்களின் பெயர்களையும் காற்று, நீரோட்டச் சொற்களையும், தமிழ், முஸ்லிம் என்ற பேதமின்றி, அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தல். இதற்கு அரசின் பணம் வேண்டியதில்லை; பல்கலைக்கழகத்தின் ஒரு விடுமுறை போதும். மூன்றாவது, காட்சிக்கூடம் ஒன்று வேண்டுமெனின், அரிப்பு மக்களின் பொறுப்பில் ஓர் எளிய மண்டபம் அமைத்தல். அதன் நடுவிலே தேசாதிபதியின் படம் வேண்டாம். முழுக்குக் கல் ஒன்றும் கயிறும் இருக்கட்டும். அருகிலே மூன்று குவியலாகச் சிப்பிகள் இருக்கட்டும். இரண்டு குவியல் யாருக்கு, ஒரு குவியல் யாருக்கு என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு பெரியப்பா விரும்பினால் அங்கு வந்து தாம் கண்ட கடலைப் பற்றிச் சொல்லலாம். கோவணத்தோடு அன்று, வேட்டி கட்டி, நாற்காலியில் இருந்து. நாம் அவருடைய இடப்புறமாக அமர்ந்து கேட்போம்.