வரட்டுமா, இருக்கட்டுமா? பாரிஸிலிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ்

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அனுப்பியது பெரியப்பா மகள். பாரிஸ் பக்கத்தில் மாஸ்டர்ஸ் படிக்க இந்த ஜனவரியில் கிளம்பிப் போனவள். எனக்கு அக்கா முறை, ரெண்டு வயசுதான் வித்தியாசம்.

"படிப்பு டிசம்பர்ல முடியுது. விசா ஜனவரி கடைசியோட சரி. திரும்பி வரட்டுமா, இல்ல வேலை தேடிக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா? எல்லாரும் சொல்லுங்க."

கேட்கணுமா? "வந்துடும்மா, வரன் ரெடியா இருக்கு" என்றார் அத்தை. "லோனை நினைச்சுக்கோ" என்றார் சித்தப்பா. ஒருத்தர் கும்பிடு எமோஜி மட்டும் போட்டார். அது எதற்கென்று இதுவரை யாருக்கும் தெரியாது. பெரியப்பா மட்டும் எதுவும் போடவில்லை. ஆகஸ்டில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததை அக்காவிடம் மூணு வாரம் கழித்துத்தான் சொன்னோம். அவள் மனசு ஆடியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று நான் லீவில் காரைக்காலில் இருந்தேன். தாத்தாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து அந்த மெசேஜைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தரம் கேட்டார். "இன்னும் எத்தனை நாள் இருக்கு அவளுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் அதைக் கேட்டார் என்று புரிய, எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஆகஸ்ட் 15 முடிந்து மறுநாளும் எங்களுக்கு லீவு. காரைக்காலின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-லேயே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. 1956-ல் ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். ஊரில் குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள், "நான் பிரெஞ்சுக்காரனாகவே இருக்கிறேன்" என்று அதற்குள் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் தானாக இந்தியர். கல்யாணம் ஆகாத, 18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அப்பாவின் கையெழுத்துதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே பிறந்து, அந்தத் தேதியில் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழ். எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்கள் தானாகப் பிரெஞ்சுக்காரர்கள். இந்தியராக வேண்டுமென்றால்தான் கையெழுத்து. ஒரே அம்மா வயிற்றில் பிறந்த ரெண்டு பேர், ரெண்டு பேருமே சும்மா இருந்திருந்தால்கூட வேறு வேறு நாட்டுக்காரர் ஆகியிருப்பார்கள்!

எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. தாத்தாவின் அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளத்திலிருந்து விலகி மார்சேயில் குடும்பத்தோடு தங்கிவிட்டவர். சும்மா இருந்தார், பிரெஞ்சுக்காரர் ஆனார். தாத்தாவுக்கு அப்போது 22 வயசு. "கையெழுத்து போடு, உன்னையும் கூட்டிக்கிறேன்" என்று அண்ணன் கடிதம் மேல் கடிதம் எழுதினாராம்.

"போடக் கூடாதுன்னு நான் நினைக்கல. போடணும்னும் நினைக்கல. அறுவடை முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் பொங்கல் முடியட்டும்னு இருந்தேன். மாசி பொறந்துச்சு, தேதி போயிடுச்சு" என்றார் தாத்தா. வருத்தமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல. நான் முடிவு பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும், அவ்ளோதான்."

அந்த அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் மாடி அப்போதுதான் திறக்கும். எங்கள் ஊரில் இப்படிப் 'பிரான்ஸ் வீடு' நிறைய. 2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ அட்டையுமாக ரெண்டு ஊருக்கும் சுலபமாக வந்துபோகிறார்கள். அதே வீட்டுப் பெண்ணான அக்கா, எஜுகேஷன் லோன் வாங்கிப் போய், படிக்கிற வருஷத்தில் 964 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற கணக்கில் ஒரு கடையில் பில் போடுகிறாள். இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது அக்காவுக்கு ரெண்டு தேதி. ஒன்று விசா. மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் அங்கேயே வேலை தேட ஒரு வருஷ அனுமதி கேட்கலாம். ஆனால், விசா முடிவதற்குள் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாக வேண்டும். இன்னொன்று லோன். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்க மாட்டார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் எங்கே இருந்தாலும் இந்த ரெண்டு தேதியும் வரும். குரூப்பில் யாரும் இதைப் பேசவில்லை. "ஊர் என்ன சொல்லும்" என்பது பற்றி மட்டும் 40 மெசேஜ்.

நான் சென்னையைத் தாண்டி எங்கேயும் போய் இருந்ததில்லை. அதனால் வா என்றோ இரு என்றோ சொல்ல எனக்குத் தகுதி இல்லை. "குரூப்ல கேட்காதே. அப்பாகிட்ட தனியா பேசு. கை எப்படி இருக்குன்னு வீடியோல பாரு" என்று மட்டும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவையே அவளோடு பேச வைத்தேன். "சாப்பிட்டியா? அங்க மணி எத்தனை?" என்று ஆரம்பித்தார். நாலரை மணி நேரம் பின்னாடி என்று அவள் சொல்ல, அண்ணனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்த விஷயத்தைப் புதுசு போலக் கேட்டுக்கொண்டார். வைக்கும்போது சொன்னார்: "வர்றதா இருந்தாலும் சரி, இருக்கறதா இருந்தாலும் சரி. பொங்கலுக்கு முன்னாடி சொல்லிடு பாப்பா."

நேற்று எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. வேலை தேடும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். முதலில் பெரியப்பாவிடம்தான் சொன்னாளாம். அவர் கேமராவில் கையை மடக்கி நீட்டிக் காட்டினாராம்.

குரூப்பில் இன்னும் அறிவிக்கவில்லை. அத்தை இன்று காலையில்கூட ஒரு ஜாதகத்தை அனுப்பியிருக்கிறார்.