டைமிங் யாருக்குச் சொந்தம்?

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்களில் பல, பாலக்காட்டில் உறவுகளைப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக மூணாறு ஏறுவது வழக்கம். நாங்களும் வாடகைக் காரில் அப்படித்தான் போனோம். மறையூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருந்தது, பாட்டரி இருந்தது, தீப்பொறி மட்டும் இல்லை.

வந்து பார்த்த மெக்கானிக் அறுபதைக் கடந்தவர். "அம்பாசடரா இருந்தா இந்நேரம் மூணாறுல டீ குடிச்சிருப்பீங்க சார். இதுல நான் எதைத் தொடறது?" என்றார். அம்பாசடரின் நான்கு சிலிண்டர்களுக்கும் 1-3-4-2 என்ற வரிசையில் பொறியைப் பங்கிட்டது டிஸ்ட்ரிபியூட்டர். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு திருப்பி, காதால் கேட்டே டைமிங் வைத்தவர் அவர்.

அதற்காகப் பழையதே நல்லது என்று புலம்புகிறவன் அல்ல நான். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு 100 பொறி விழவேண்டும். கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு விநாடியில் 18,000-இல் ஒரு பங்குதான் ஆகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழவேண்டும் என்பதும் வேகத்துக்கும் பாரத்துக்கும் தக்கபடி மாறும். சமவெளியில் வைத்த டைமிங், காற்று மெலிந்த 1,500 மீட்டர் உயரத்தில் சரியாகப் பொருந்தாது. இன்றைய கம்ப்யூட்டர் பெட்டி கிராங்க் சென்சாரையும் காற்றழுத்தத்தையும் பார்த்து நொடிக்கு நொடி அதைத் திருத்துகிறது. சில எஞ்சின்களில், தட்டும் சிலிண்டருக்கு மட்டும் பொறியைச் சற்றுப் பிந்த வைக்கிறது. எந்தக் காதாலும் ஆகாத காரியம். (டீசல் ஜீப்காரர்களுக்கு இந்தப் பொறிக் கவலையே கிடையாது. சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள்.)

வண்டியை உடுமலைக்குக் கட்டி இழுத்தோம். ஒரு நாள் போயிற்று. அங்கே ஸ்கேனரை மாட்டிய பையன் ஒரே நிமிடத்தில் சொன்னான்: கிராங்க் சென்சார் வயர் தேய்ந்து அறுந்திருக்கிறது.

என் ஆட்சேபம் இங்கேதான். பெட்டிக்குக் கோளாறு தெரிந்திருந்தது. மறையூர்க்காரரிடம் சொல்ல வழியில்லை. பொதுவான கோடுகளை விலை குறைந்த ஸ்கேனரும் படிக்கும். ஆனால் கம்பெனிக்கே உரிய கோடுகளும் வயரிங் படமும் சென்சாரின் சரியான அளவுகளும் சாலையோரப் பட்டறைக்கு எளிதில் கிடைப்பதில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரருக்காவது பொள்ளாச்சியும் கோவையும் பக்கம். மலைமேல் எஸ்டேட் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் கார் நின்றால் என்ன செய்வது?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்தே இதற்கு வழி செய்தார்கள். பழுதுபார்க்கும் விவரங்களைத் தனிப் பட்டறைகளுக்கும் கார் கம்பெனிகள் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. இந்திய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. நல்ல காரியம்தான், ஆனால் இணையதளம் சட்டமாகாது.

நம் சங்கத்தில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். வயரிங் படத்தையும் கோடுகளின் பொருளையும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடச் சொல்லி உள்ளேயிருந்து அவர்கள் கேட்கலாம். மறையூர் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான்; மற்றதை அவர் கை பார்த்துக்கொண்டிருக்கும்.